புரோத்ராபூர் குரூப் போட்டோ

ஞாயிறு காலை 11.25. புரோத்ராபூர்.

பொன்னுத்துரை வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து. முகூர்த்தம் பதினொன்றரைக்கு. ஆசாரி வந்து உட்கார்ந்தாயிற்று. தாய்மாமன் ஹரிஹரன் லீவு கிடைக்காமல் சென்னையிலிருந்து வீடியோ காலில் சிரித்துக்கொண்டிருந்தான். வீட்டுப் பெரியவரை மட்டும் காணோம்.

வாழையிலை அறுத்து வருகிறேன் என்று எட்டு மணிக்குப் பாக்குத் தோப்புக்குப் போனவர். தோப்பு கூப்பிடு தூரம்தான். ஆனால் போனால் லேசில் திரும்ப மாட்டார். தண்ணீர் மோட்டாரோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுவார், அணிலை விரட்டுவார், பக்கத்துத் தோப்புக்காரனோடு வம்பளப்பார். அதனால் யாரும் கவலைப்படவில்லை. குழந்தை அழுது முகம் வீங்குவதற்கு முன்னால் எடுத்துவிடலாம் என்று குரூப் போட்டோவைக்கூட அவர் இல்லாமலே எடுத்து முடித்திருந்தார்கள். முகூர்த்தம் நெருங்கவே மருமகன் கணேஷ்குமார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூப்பிடப் போனான்.

மோட்டார் ரூம் கதவு சாத்தியிருந்தது. தள்ளித் திறந்தான். பொன்னுத்துரை மல்லாந்து கிடந்தார். மோட்டாரைப் பதித்திருந்த சிமெண்ட் திட்டின் விளிம்பில் பின்மண்டை அடிபட்டு, ரத்தம் உறைந்து கறுத்திருந்தது. சட்டைப் பை கிழிந்து தொங்கியது. வெளியே, மூடிய ஜன்னலின் திட்டில் ஒரு டம்ளர் காப்பி ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது.

கணேஷ்குமார் போட்ட கூச்சலில் வீட்டில் இருந்த குழந்தை, காது குத்தாமலே அழ ஆரம்பித்தது.

ஞாயிறு மாலை 5.00. ஜங்லிகாட்.

மூன்று நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீர் அன்றைக்கு வந்தது. ஆறு வீட்டுக் குடங்களும் குழாயடியில் வரிசையாக நின்றன. கருப்பாயியின் குடங்கள் மூன்றும் நின்றன, கருப்பாயியைக் காணோம். முதல் பஸ்ஸில் பொன்னுத்துரை வீட்டு வேலைக்குப் போனால் நாலரைக்கெல்லாம் திரும்பிவிடுகிறவள். யாரும் வரிசையைத் தள்ளிவிடாமல் இந்திராணி அவளுக்கும் சேர்த்துப் பிடித்து வைத்தாள்.

இந்திராணிக்கு நாற்பத்தேழு வயது. ராஜபாளையத்துக்காரி. அரசாங்க டிரைவர் ஒருவரைக் கட்டிக்கொண்டு கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவள். அவர் போய்ப் பன்னிரண்டு வருஷம். பிள்ளை இல்லை. மெயின்லேண்ட் சொந்தங்கள் தினமும் வாட்ஸப்பில் பூங்கொத்து அனுப்பும். எப்படி இருக்கிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. பேச்சுத்துணை என்று இந்த ஊரில் அவளுக்கு இருந்தது இரண்டே பேர். சுவருக்கு அந்தப் பக்கம் கருப்பாயி. வேலை பார்க்கும் போட்டோ ஸ்டூடியோவில் முதலாளி சுதாகர். கருப்பாயி ஓயாமல் பேசுவாள். சுதாகர் அளந்துதான் பேசுவார். ஆனால் பதினோரு வருஷமாக மத்தியானம் ஒரு மணிக்கு "சாப்டாச்சா இந்திராணி?" என்று கேட்கத் தவறியதில்லை. அந்தக் கேள்வி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள் அவளுக்குப் பிடிப்பதில்லை.

இந்த ஞாயிறு கொஞ்சம் பரவாயில்லை. ஸ்டூடியோவில் கரண்ட் சரியில்லாததால் கேமரா பேட்டரியை அவள் வீட்டில்தான் சார்ஜ் போட்டிருந்தாள். அதை வாங்க சுதாகர் காலை ஏழே முக்காலுக்கு வந்தார். டீ கொடுத்தாள். நின்றபடியே பாதி குடித்துவிட்டு, "புரோத்ராபூர் காதுகுத்து, நேரா போகணும்" என்று ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார்.

ஐந்தே காலுக்கு அவரே போன் செய்தார்.

"இந்திராணி, பொன்னுத்துரை ஐயா போயிட்டார். யாரோ தள்ளிவிட்டிருக்காங்கன்னு போலீஸ் சொல்லுது. உங்க பக்கத்து வீட்டம்மாவைக் கூட்டிட்டுப் போயிருக்காங்க."

"கருப்பாயியையா? எதுக்கு?"

"ஒம்பது மணிக்குத் தோப்புக்குக் காப்பி கொண்டுபோனது அவங்கதான். நேத்து பீங்கான் தட்டை உடைச்சதுக்கு ஐயா எல்லார் முன்னாடியும் திட்டியிருக்கார். இவங்க 'நீங்க நல்லாயிருக்க மாட்டீங்க'ன்னு வாயை விட்டிருக்காங்க."

கருப்பாயி வாய்க்குப் பூட்டுக் கிடையாது என்பது வாஸ்தவம். காக்காயைக்கூட அவள் அப்படித்தான் திட்டுவாள். ஆனால் அதைக் கோர்ட்டில் போய் யார் சொல்வது? முப்பது வருஷத்துக்கு முன்னால் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவள். அவளுக்காக ஸ்டேஷன் வாசலில் நிற்க ஒரு நாதி இல்லை. இந்திராணி சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். பார்க்க விடவில்லை. கொண்டுபோன இட்லியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

திங்கள் காலை 10.15. ஸ்டூடியோ.

சப் இன்ஸ்பெக்டர் நளினி வந்தாள். தீவிலேயே பிறந்து வளர்ந்தவள், முப்பது வயது இருக்கும். தமிழும் இந்தியும் அவள் வாயில் ஒரே மொழியாகத்தான் வரும்.

"விசேஷத்துல எடுத்த போட்டோ எல்லாம் வேணும். யார் எப்போ எங்க இருந்தாங்கன்னு பாக்கணும். அச்சா, அவ்ளோதான்."

சுதாகர் மெமரி கார்டை எடுத்துக் கொடுத்தார்.

"வீட்லேர்ந்து எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?"

"எட்டு நாப்பது மேடம்."

"போய்ச் சேர்ந்தது?"

"ஒம்பது பத்து. முதல் படம் ஒம்பது பன்னெண்டு. அதுலயே நேரம் இருக்கும்."

"பொன்னுத்துரையைப் பாத்தீங்களா?"

"அன்னிக்கு அவரைப் பார்க்கவே இல்ல."

"எட்டரைக்கும் ஒம்பதரைக்கும் நடுவுலதான் உயிர் போயிருக்குன்னு டாக்டர் சொல்றார். வீட்டு ஆளுங்க எல்லாரும் சமையல், அலங்காரம்னு ஒருத்தரை ஒருத்தர் பாத்துட்டேதான் இருந்திருக்காங்க. வெளிய போனது கருப்பாயி ஒருத்திதான். கதவு சாத்தியிருந்துச்சு, கூப்பிட்டேன், பதில் இல்ல, காப்பியை வெச்சிட்டு வந்துட்டேன்னு சொல்றா." நளினி கார்டைத் தன் லேப்டாப்பில் நகல் எடுத்துக்கொண்டு எழுந்தாள். "இன்னிக்கு சாயங்காலம் கைது எழுதிடுவோம். நாளைக்கு சாயங்காலம் மாஜிஸ்டிரேட்."

இந்திராணி கம்ப்யூட்டர் முன்னாலிருந்து திரும்பினாள். "மேடம், அந்தக் கிழிஞ்ச சட்டைப் பையில என்ன இருந்துச்சு?"

"தெரியலை அக்கா. காலியா இருந்துச்சு."

நளினி போன பிறகு சுதாகர் கார்டை இந்திராணியிடம் கொடுத்தார். "ஐயாவோட சம்சாரம் ராஜகுமாரியம்மா கேட்டாங்க. கருமாதிக்குள்ள குரூப் போட்டோ பெரிசா வேணுமாம். ஹரிஹரனை வலது ஓரத்துல நிறுத்துங்க. ஐயாவை மேல வைங்க."

"சரி சார்" என்றாள்.

இந்த இடத்தில் அவள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தீவில் எந்தக் குடும்பமும் முழுசாக ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஒருத்தன் சென்னையில், ஒருத்தி விசாகப்பட்டினத்தில். கப்பல் என்றால் மூன்று நாள்; விமான டிக்கெட் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். ஆகவே குரூப் போட்டோ என்றால் வராதவர்களையும் சேர்த்துத்தான். சுதாகர் எடுப்பார், இந்திராணி சேர்ப்பாள். உயிரோடு இருந்து வராதவருக்கு வரிசையில் ஆள் நிற்கும் இடம் விட்டிருப்பார். வயதில் மூத்தவர் என்றால் ஒரு காலி நாற்காலி. இறந்தவர்களைத் தரையில் நிறுத்துவதில்லை. எல்லோர் தலைக்கும் மேலே, பின்சுவரில், மார்பளவுக்கு. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. பதினோரு வருஷத்தில் இரண்டு பேருக்கும் நடுவே பேசாமலே உண்டான முறை. படத்தைத் திறந்ததும், விட்டிருக்கும் இடத்தைப் பார்த்தே யாரை எங்கே என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

திங்கள் காலை 11.30.

குரூப் போட்டோ ஒன்றல்ல, ஏழு. கூட்டத்தில் எப்போதும் ஒருத்தர் கண்ணை மூடுவார், ஒருத்தர் மூக்கைச் சொறிவார். அதனால் கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் வைத்து ஏழெட்டு எடுப்பது வழக்கம். 10.42-க்கு முதல் படம், 10.46-க்கு ஏழாவது. இந்திராணி ஏழையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள். மேலே உள்ளதில் எங்கே அழிக்கிறாளோ அங்கே அடியில் உள்ளது தெரியும். மூன்றாவது படத்திலிருந்து கணேஷ்குமாரின் கண், ஐந்தாவதிலிருந்து குழந்தையின் சிரிப்பு. நடுவில் நாற்காலியில் ராஜகுமாரியம்மா. அவருக்கு ஏழிலும் ஒரே முகம், வாசல் பக்கம் பார்த்தபடி.

வலது ஓரத்தில் இடம் இருந்தது. ஹரிஹரனை நிறுத்தி, நிழலைத் தரையில் போட்டாள். அடுத்தது பெரியவர். படம் எடுத்த பிறகு யாராவது இறந்துபோய், அவரை மேலே வைக்கச் சொன்னால் அது சிடுக்குப் பிடித்த வேலை. சுவரை மேலே இழுத்து நீட்ட வேண்டும், தோரணத்தை இன்னொருமுறை கட்ட வேண்டும். ஒரு மணி நேரம் ஓடிவிடும். இன்றைக்கு அந்தத் தொல்லை இல்லை. ராஜகுமாரியம்மாவின் தலைக்கு மேலே வெறும் சுவர் தாராளமாக இருந்தது. பொன்னுத்துரையின் பழைய படத்தை வெட்டி எடுத்து வைத்தாள். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது.

மவுஸின் மேல் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

ஏழு படங்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். அன்றைக்கு எடுத்த மற்றப் படங்களையும் திறந்தாள்: பெண்கள் மட்டும் நிற்பது, குழந்தைகள் மட்டும் நிற்பது. அவள் பார்த்ததெல்லாம் வாசகரும் பார்த்ததுதான். ஒளித்து வைத்தது ஒன்றும் இல்லை. ஆனால் வாசகருக்கு அது வெறும் துப்பு. அவளுக்கு அது அப்படி இல்லை. நான் நினைப்பது தப்பாக இருக்கட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டாள்.

"சாப்டாச்சா இந்திராணி?"

மணி ஒன்று. "ஆச்சு சார்" என்றாள். டப்பாவை அவள் திறக்கவே இல்லை.

செவ்வாய் காலை 9.30. புரோத்ராபூர்.

தலைவலி என்று லீவு சொல்லிவிட்டு, துக்கம் விசாரிக்கப் பஸ் ஏறினாள். பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. ராஜகுமாரியம்மா கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். நாலு தலைமுறையாகத் தீவில் வேரோடிய குடும்பம்.

"குரூப் போட்டோ எடுத்தப்போ ஐயாவுக்குன்னு இடம் எதுவும் விடலையாம்மா?" என்று மெல்லக் கேட்டாள் இந்திராணி.

"விடாம இருப்பேனா? என் பக்கத்துல நானே ஒரு குர்சி கொண்டாந்து போட்டேன். மனுஷன் எப்ப வந்தாலும் வந்து உக்காரட்டும்னு. போட்டோக்காரர் அதைத் தூக்கி ஓரமா வெச்சிட்டார். ஏன் பேட்டா எடுக்கறீங்கன்னு கேட்டேன். ஃப்ரேம்ல அடங்கலம்மா, அவர் வந்ததும் தனியா எடுத்துக்கலாம்னார்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வரலியே."

"காலையில போகும்போது ஐயா சட்டைப் பையில ஏதாவது வெச்சிருந்தாரா?"

"ஒரு கவர். ஒரு வாரமா அதைத்தான் எடுத்து எடுத்துப் பாத்துட்டிருந்தார். கேட்டா, 'இது அச்சா நஹீ, சரியில்ல, விசேஷம் முடியட்டும், திங்கக்கிழமை ஆபீசுக்குப் போயி ஒரு போட்டோவைப் பத்திப் பேசணும்'னார். பழைய குடும்பங்களோட சங்கத்துல அவர்தானே தலைவர். பழைய குடும்பம்னு சான்றிதழ் கேட்டு வர்ற பேப்பரெல்லாம் ஆபீஸ்ல இவர்கிட்டயும் ஒரு வாட்டி காட்டுவாங்க."

இந்திராணி நிமிர்ந்தாள். எதிர்ச்சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பழுப்புப் படம். மரக்கிடங்கு ஒன்றின் முன்னால் வரிசையாக ஆட்கள். நடுவில் மீசையோடு நிற்பவர் பொன்னுத்துரையின் தாத்தா. கைதியாகக் கப்பலில் வந்து, தண்டனை முடிந்தும் இங்கேயே தங்கிவிட்டவர். அந்தப் படம் அவளுக்கு நன்றாகத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் கறையை நீக்கச் சொல்லி ஸ்டூடியோவுக்கு வந்தது.

எண்ணிப் பார்த்தாள். ஏழு பேர்.

அவள் கடைசியாகப் பார்த்தபோது அந்தப் படத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள். சுதாகர் சொல்லி எட்டாவது ஆளை வைத்தது அவளேதான்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். இதைக் கண்டுபிடிக்க உலகத்தில் இன்னொரு ஆள் கிடையாது. அவள் வாயை மூடிக்கொண்டால் விஷயம் அதோடு முடிந்தது. நாளைக்கும் ஸ்டூடியோ திறக்கும், ஒரு மணிக்கு அந்தக் கேள்வியும் வரும். கருப்பாயி மட்டும் ஜெயிலுக்குப் போவாள். அவளுக்காகக் கேட்க யாரும் வரப்போவதில்லை. இந்திராணிக்கு அழுகை வந்தது. பக்கத்து சீட்டு அம்மாள் பார்க்கிறாள் என்று தெரிந்தும் அடக்கவில்லை. ஸ்டூடியோ இருக்கும் ஸ்டாப்பில் இறங்காமல், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போய் இறங்கினாள்.

செவ்வாய் மாலை 4.00. ஸ்டூடியோ.

நளினி முன்னால் வந்தாள், பின்னால் இந்திராணி. சுதாகர் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தலைவலி தேவலையா?" என்று கேட்டார்.

இந்திராணி கம்ப்யூட்டரைத் திறந்தாள். ஏழு படங்களும் திரையில் வந்தன.

"சார், இது எத்தனை மணிக்கு எடுத்தது?"

"பத்து நாப்பத்திரண்டு. அதுலயே இருக்கே."

"அப்போ ஐயா எங்க இருந்தார்?"

"தோப்புல."

"உயிரோடயா?"

"அப்படித்தானே எல்லாரும் நினைச்சோம்."

"எல்லாரும் நினைச்சாங்க சார். நீங்க நினைக்கல."

சுதாகர் லென்ஸைக் கீழே வைத்தார். நளினி கதவில் சாய்ந்துகொண்டு, "நேரா சொல்லுங்க அக்கா, எனக்குப் புரியணும்" என்றாள்.

"மேடம், ஹரிஹரனுக்கு வரிசையில இடம் விட்டிருக்கார், பாருங்க. உயிரோட இருக்கிற ஆளுக்கு அப்படித்தான். ஐயா வீட்டுக்குப் பெரியவர். அவருக்கு நாற்காலி இருக்கணும். ராஜகுமாரியம்மா தன் கையால போட்ட நாற்காலியை இவர் எடுத்துட்டார். எடுத்துட்டு, அந்தம்மா தலைக்கு மேல இவ்வளவு சுவர் விட்டிருக்கார். எங்க ஸ்டூடியோவுல அது செத்தவங்களுக்கு விடற இடம். ஐயா செத்தது பதினொன்னு இருபத்தஞ்சுக்குத்தான் வீட்டுக்கே தெரியும். முக்கால் மணி நேரம் முன்னாடியே இவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தலைக்கு மேல கொஞ்சம் இடம் விட்டா அது கொலையா?" என்றார் சுதாகர். குரல் உயரவில்லை.

"அதே காலையில எடுத்த மத்த படமெல்லாம் இதோ இருக்கு. ஒண்ணுலயாவது தலைக்கு மேல ரெண்டு விரல் இடத்துக்கு மேல இருக்கா? பதினோரு வருஷமா உங்க படத்தைத்தான் சார் பார்க்கறேன். காரணம் இல்லாம சுவரை வீணாக்க மாட்டீங்க."

அவர் துடைக்கும் துணியை நாலாக மடித்தார்.

"எட்டு நாப்பதுக்குக் கிளம்பினேன்னு மேடம்கிட்ட சொன்னீங்க. ஏழே முக்காலுக்கு என் வீட்டு வாசல்ல பேட்டரி வாங்கினீங்க. நேரா போகணும்னீங்க. புரோத்ராபூர் அரை மணி நேரப் பாதை. எட்டேகாலுக்கு அங்க இருந்திருக்கணும். முதல் படம் ஒம்பது பன்னெண்டு. நடுவுல வீட்டுக்குப் போயிருப்பீங்கன்னுதான் நானும் என்னை ஏமாத்திக்கிட்டேன்."

நளினி தோள்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். ஆபீஸ் கோப்பில் இருந்த நகல். மரக்கிடங்கு, வரிசையாக எட்டுப் பேர். "யுத்தத்துல ஜப்பான்காரன் வர்றதுக்கு முன்னாடியே இங்க இருந்த குடும்பம்னு உங்க பையனுக்குச் சான்றிதழ் வாங்கியிருக்கீங்க. அதுக்கு ஆதாரம் இது. இந்த ஓரத்துல நிக்கறது யார் சுதாகர்ஜி?"

"என் தாத்தா" என்றார் சுதாகர். நகலைத் தன் பக்கம் திருப்பி, "அவர் கடலையே பார்த்ததில்ல" என்றார்.

பிறகு அவரே சொன்னார். கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

"பையன் அந்தச் சான்றிதழ்லதான், பழைய குடும்பங்களுக்குன்னு ஒதுக்கின டாக்டர் சீட் வாங்கினான். மூணாவது வருஷம். தாயில்லாப் பிள்ளை. ஐயா கண்ணுல அந்த நகல் எப்படியோ பட்டுடுச்சு. அவர் வீட்டுப் படமாச்சே, தெரியாம இருக்குமா? திங்கக்கிழமை போய்ச் சொல்லிடுவேன்னார். கெஞ்சத்தான் போனேன். கால்ல விழுந்தேன். 'எங்க தாத்தா கால்ல சங்கிலியோட வந்து வாங்கின இடம்டா இது, உங்க தாத்தாவை எப்படிடா அங்க நிறுத்தினே?'ன்னு கேட்டார். பையிலேர்ந்து கவரை எடுக்கப் பார்த்தேன். கையைப் பிடிச்சார். தள்ளினேன்." நிறுத்தினார். "விழுந்த சத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு. உள்ள நின்னுட்டிருக்கும்போது அந்தம்மா வந்து 'ஐயா'ன்னு கூப்பிட்டாங்க. மூச்சு விடாம நின்னேன்."

"அவங்க பேர் கருப்பாயி" என்றாள் இந்திராணி. "மூணு நாளா உள்ள இருக்காங்க. நீங்கதான் போன் பண்ணி எனக்குச் சொன்னீங்க."

சுதாகர் முதல்முறையாகத் தலையைக் குனிந்துகொண்டார். நளினி கான்ஸ்டபிளைக் கூப்பிட வாசலுக்குப் போனாள்.

"அந்த இடத்தை நான் வேணும்னு விடல, இந்திராணி. சத்தியமா எனக்கே தெரியல."

"தெரியும் சார். செத்தவரை வைக்க இடம் இல்லேன்னா நான் உக்காந்து கஷ்டப்படுவேன்னு உங்க கைக்குத் தெரியும். அதுவா விட்டிருக்கு."

ஏழு படங்களையும் ஒவ்வொன்றாக மூடினாள்.

செவ்வாய் மாலை 5.40. போலீஸ் ஸ்டேஷன்.

கருப்பாயியை விட்டுவிட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, தனக்கு மூன்று நாளாகச் சர்க்கரை போடாத டீ கொடுத்தவர்களை எல்லாம் ஊர் பேர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள். ஒருத்தரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உள்ளே நளினி இந்திராணியின் வாக்குமூலத்தை எழுதினாள். எட்டாவது ஆளைப் படத்தில் சேர்த்தது தான்தான் என்று இந்திராணி முதலிலேயே சொன்னாள்.

"யாரோட தாத்தான்னு தெரிஞ்சா சேர்த்தீங்க?"

"தெரியாது மேடம். வாடிக்கைக்காரர் கொடுத்த முகம்னார். கேட்டிருக்கணும். கேக்கல. அப்படியே எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டாள். பிறகு பேனாவை அடுத்த வரிக்கு நகர்த்தி, "குற்றவாளிக்கும் சாட்சிக்கும் என்ன உறவுன்னு ஒரு கேள்வி இருக்கு. என்ன போடட்டும்?" என்றாள்.

இந்திராணி ஜன்னல் பக்கம் பார்த்தாள். தீவில் சீக்கிரமே பொழுது சாய்ந்துவிடும்; வெளியே இருட்டிவிட்டது. யாரோ விளக்கைப் போட்டார்கள்.

"முதலாளின்னு போடுங்க."

"வேற ஒண்ணும் இல்லியே?"

"வேற என்ன இருக்கு? தினம் ஒரு தடவை, நான் சாப்பிட்டேனான்னு கேப்பார்" என்றாள் இந்திராணி. "அவரைத் தவிர யாரும் கேக்க மாட்டாங்க. அது உறவுல சேருமா மேடம்?"

நளினி பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அவளையே பார்த்தாள். பிறகு முதலாளி என்று எழுதி, காகிதத்தைத் திருப்பி வைத்தாள். இந்திராணி கையெழுத்துப் போட்டாள்.